வீட்ல பீஃப் சீஸ் டாக்கோ: ரொட்டி மடிச்சா உடையுது, கிருஷ்ணகிரில கிடைக்கறத வெச்சு வழி சொல்லுங்க

அணைரோடு பையன்:
வணக்கம் மக்களே. பெங்களூர்ல ரூம் எடுத்து இருந்தப்ப ஒரு மெக்சிகன் கடைல பீஃப் டாக்கோ சாப்ட்டு பழகிட்டேன், செவப்பா எண்ணெய்ல முக்கி சுட்ட ரொட்டி, உள்ள நார் நாரா கறி, சீஸ் இழுத்தா நூலா வரும், பக்கத்துல சின்ன கப்ல சூப் குடுப்பாங்க அதுல தொட்டுக்கணும். இப்ப ஊர்ல இருந்தே வேலை, வர ஞாயித்துக்கிழமை பசங்க வர்றானுங்க, நானே செஞ்சு தர்றேன்னு வாய விட்டாச்சு.

பிரச்சனை என்னன்னா மளிகைக்கடைல வாங்கின மக்காச்சோள மாவுல ரொட்டி தட்டுனா கல்லுல நல்லா தான் வருது, மடிக்கும்போது நடுவுல ரெண்டா போயிடுது. அடுத்து மிளகாய், யூடியூப்ல பாத்தா குவாஹியோ ஆஞ்சோன்னு என்னென்னமோ சொல்றாங்க, அதெல்லாம் இங்க எங்க போறது. கறியும் எந்த பாகம் கேக்கணும்னு தெரியல. இன்னொன்னு, எங்கம்மா கிச்சன்ல பீஃப் ஏத்த மாட்டாங்க, மொட்டை மாடில ஒத்த பர்னர் அடுப்பும் தனி குக்கரும் வெச்சிருக்கேன், அதுல முடியற மாதிரி சொல்லுங்க. ஓவன் அடுப்பு இல்ல.

ஓசூர் சாப்பாட்டு ராமன்:
ப்ரோ ஒத்த பர்னர்ல மக்காச்சோளத்தோட மல்லு கட்டாதீங்க. ஓசூர் சூப்பர் மார்க்கெட்ல கோதுமை டார்ட்டில்லா (மெக்சிகோ ரொட்டி) பாக்கெட் கிடைக்குது, இல்லனா பாதி மைதா பாதி கோதுமை போட்டு மெல்லிசா சப்பாத்தி. சப்பாத்தில வெச்சா அது டாக்கோவே இல்லன்னு யாராச்சும் வருவாங்க பாருங்க, கண்டுக்காதீங்க. மெக்சிகோவுக்குள்ளயே வடக்குல இருக்கற சொனோரா மாநிலத்து பக்கம் கோதுமை டார்ட்டில்லா தான் அவங்க தினசரி சாப்பாடே.

தருமபுரி டூ ஹூஸ்டன்:
வந்துட்டேன் ராமன் அண்ணா 😄 சொனோரா மேட்டர் சரி தான், ஆனா தம்பி கேக்கறது வேற ஐட்டம். அவர் சாப்ட்டது கேசபிரியா. பிரியாங்கறது ஹலிஸ்கோ மாநிலத்துல ஆட்டுக்கறில பண்ற குழம்பு, அது டிஹுவானா பக்கம் வந்து மாட்டுக்கறி ஆச்சு, அப்புறம் சீஸ் சேந்துச்சு. இங்க அமெரிக்காவுல மொறுமொறு ஓட்டுல கைமாவும் செடார் சீஸும் லெட்டூஸும் போட்டு தர்றது இன்னொரு வகை, டாக்கோ பெல் 1962ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சு ஊரெல்லாம் பரப்புனது அது. ரெண்டையும் கலந்து வெச்ச ரெசிப்பி தான் நெட்ல முக்கால்வாசி, அதான் குழப்பம்.

கேசபிரியாவுக்கு மக்காச்சோள ரொட்டி தான் சரி, ஏன்னா கொழுப்புல முக்கி எடுத்து கல்லுல போடணும், சப்பாத்திய முக்குனா ஊறி தொளதொளன்னு ஆயிடும்.

உங்க ரொட்டி உடையறதுக்கு காரணம் மாவு. மெக்சிகோல சோளத்த அப்படியே அரைக்க மாட்டாங்க, சுண்ணாம்புத் தண்ணில வேக வெச்சு, ராத்திரி முழுக்க ஊற விட்டு, தோல் கழட்டி அரைப்பாங்க. அந்த சுண்ணாம்பு தோலையும் உள்ள இருக்கற பசையையும் இளக்கி விடுது, அதுல தான் மாவு ஒண்ணோட ஒண்ணு பிடிக்குது. நம்ம கடை மாவு வெறும் காஞ்ச சோளம், கோதுமைல மாவ இழுத்துப் பிடிக்கற குளூட்டனும் இதுல கிடையாது, பிடிக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. இன்னொரு சங்கதி, சுண்ணாம்புல வெந்தா தான் சோளத்துல இருக்கற நியாசின் சத்து நம்ம உடம்புல ஒட்டும். சோளத்த ஐரோப்பாவுக்கு எடுத்துட்டு போனவங்க இந்த வேலைய விட்டுட்டு போயிட்டாங்க, வட இத்தாலில ஏழை ஜனங்க சோளக் களிய மட்டுமே தின்னு, அந்த நியாசின் பத்தாம பெல்லாக்ராங்கற நோய் வந்து கஷ்டப்பட்டாங்க. (களி தின்ன ஊர்க்காரன், இத படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி தான் இருந்துச்சு.)

ஞாயித்துக்கிழமைக்கு அவ்ளோ நேரம் இல்லனா குறுக்கு வழி: மாவு 3 பங்கு, மைதா 1 பங்கு, உப்பு, கொதிக்கற தண்ணி ஊத்தி கரண்டி காம்பால கிளறி மூடி வெச்சுடுங்க, 20 நிமிஷம் கழிச்சு கை சூடு தாங்கறப்ப நல்லா பிசைங்க. பச்சத்தண்ணி கூடவே கூடாது. பால் கவர கழுவி கத்திரிச்சு ரெண்டு ஷீட் நடுவுல உருண்டைய வெச்சு தட்டால அமுக்குங்க. வெள்ளையா நைசா பாக்கெட்ல வர்ற கார்ன்ஃப்ளோர் வாங்கிட போறீங்க, அது வெறும் ஸ்டார்ச்சு. சுட்ட உடனே மடிக்காதீங்க, அப்ப வெறப்பா தான் இருக்கும், துணில சுத்தி ஹாட் பாக்ஸ்ல கால் மணி நேரம் கெடக்கட்டும், அந்த ஆவில தான் வளையும்.

பழையபேட்டை அக்கா:
தம்பி, கறிக்கு நான் சொல்றேன். காலைல சீக்கிரமே கடைக்கு போங்க, லேட்டா போனா தொடைக்கறி மட்டும் தான் மிஞ்சும், அது கொழுப்பே இல்லாம வெந்தாலும் சக்கை சக்கையா இருக்கும், இதுக்கு வேணாம். கால் கறி எலும்போட அரை கிலோ, நெஞ்சுக்கறி கொழுப்போட அரை கிலோ கேளுங்க. பெரிய பெரிய துண்டா போட சொல்லுங்க, குழம்புக்கு போடற மாதிரி பொடிசா வெட்டிட்டா நாரே வராது. நம்ம பக்கம் நெறைய இடத்துல எருமை தான், கருஞ்செவப்பா இருக்கும், வேக இன்னும் நேரம் எடுக்கும்.

மிளகாய்க்கு அலையாதீங்க. காஷ்மீரி மிளகாய் 12, விதை எடுத்துட்டு லேசா வறுத்து சுடுதண்ணில ஊற வெச்சுக்கோங்க. குண்டு மிளகாய் போட்டா பசங்க அழுதுட்டே தான் வீட்டுக்கு போவானுங்க. அந்த ஆஞ்சோ மிளகாய்ல ஒரு இனிப்பு இருக்கும்னு என் பொண்ணு சொன்னா, அதுக்கு உலர் திராட்சை ஒரு ஆறு போட்டுடுவேன். ராயக்கோட்டை தக்காளி நாலு, வெங்காயம் ஒண்ணு, பூண்டு எட்டு பல் எல்லாத்தையும் தோசைக்கல்லுல அங்கங்க கருகற வரைக்கும் வாட்டி, மிளகு பத்து, கிராம்பு நாலு, துண்டு பட்டை, சீரகம், பீட்சாவுக்கு தர்ற ஓரிகானோ, ரெண்டு ஸ்பூன் வினிகர் சேத்து மிளகாயோட மைய அரைச்சு வடிகட்டிடுங்க. தோல் நாக்குல தட்டக்கூடாது. மஞ்சள், மல்லித்தூள், கறிவேப்பிலை பக்கம் கை போகும், போக விடாதீங்க, அப்புறம் அது நம்ம பீஃப் குழம்பு ஆயிடும்.

கறிய குக்கர்ல நல்லா செவக்க விட்டு, அரைச்சத ஊத்தி, ஒரு லிட்டர் தண்ணி, பிரிஞ்சி இலை, உப்பு. முதல் விசில் வந்ததும் தீய சிம்ல வெச்சு 45 நிமிஷம், எருமைன்னா ஒரு மணி நேரம். திறந்ததும் கலக்கிடாதீங்க! மேல செவப்பா ஒரு எண்ணெய் மெதக்கும், அத தனி கிண்ணத்துல எடுத்து வைங்க, ரொட்டி முக்கறது அதுல தான். கறிய வெளிய எடுத்து பிச்சுப் போட்டு ரெண்டு கரண்டி சூப் மட்டும் விட்டு பிரட்டுங்க, தண்ணியா இருந்தா ரொட்டி கிழிஞ்சிடும். மிச்ச சூப் தான் தொட்டுக்க.

அணைரோடு பையன்:
அக்கா கோடி கும்பிடு 🙏 சீஸ் எது வாங்கறது? அமுல் கியூப் வீட்ல இருக்கு.

ஓசூர் சாப்பாட்டு ராமன்:
கியூப் உருகும், இழுவை வராது, அது ப்ராசஸ்டு. மொசரெல்லா வாங்குங்க. அங்க ஒஹாக்கா சீஸ்னு ஒண்ணு போடுவாங்க, அதுவும் சுடுதண்ணில இழுத்து இழுத்து செய்யற அதே ஜாதி தான். கட்டியா வாங்கி நீங்களே துருவுங்க. மொசரெல்லால உப்பு கம்மி, பாதி கியூப் சேத்து துருவிக்கிட்டா ருசிக்கு ருசி ஆச்சு. கல்லுல முக்கின ரொட்டி, மேல மொதல்ல சீஸ், அது உருக ஆரம்பிச்சதும் கறி, மடிச்சு கரண்டியால அமுக்கி ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு விடுங்க. ஓரத்துல வழியற சீஸ் கல்லுல பட்டு கருகும் பாருங்க, அத சுரண்டி நீங்க தின்னுடுங்க, பசங்களுக்கு குடுக்காதீங்க.

பாலக்கோடு மண்டி:
சல்சாவ விட்டுட்டீங்களேப்பா. தக்காளி, பச்சமிளகா, பூண்டு சுட்டு உப்பு போட்டு அம்மில ஒண்ணும் ரெண்டுமா நசுக்கு, மெக்சிகோகாரனும் கல்லுல தான் நசுக்கறான். மேல பச்ச வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. கிருஷ்ணகிரில இருந்துக்கிட்டு மாங்கா போடலனா எப்படி, கிளிமூக்கு மாங்கா கெடைச்சா குச்சி குச்சியா சீவி மிளகாத்தூள் உப்பு எலுமிச்சை போட்டு பக்கத்துல வை, அங்க ரோட்டுக்கடைல மாங்காவ அப்படித்தான் விக்கறாங்க. ரொட்டிக்கு கேழ்வரகு மாவு கலந்து பாரேன்?

தருமபுரி டூ ஹூஸ்டன்:
மண்டி அண்ணா, மாங்காவுக்கு ஓகே, கேழ்வரகுக்கு நோ. கறுத்த ரொட்டில செவப்பு எண்ணெய் தெரியவே தெரியாது, ருசியும் கறிய அமுக்கிடும்.

அணைரோடு பையன்:
இந்த வாரம் குறுக்கு வழில போயிடறேன். அடுத்த தடவ சுண்ணாம்பு முறைல பண்ணணும், வெத்தலைக்கு போடற சுண்ணாம்பு ஆகுமா அண்ணா? அரை கிலோ சோளத்துக்கு எவ்ளோ?

தருமபுரி டூ ஹூஸ்டன்:
ஆகும், வாசனை கலர் எதுவும் சேக்காத வெள்ளை சுண்ணாம்பா பாத்து வாங்குங்க. வெள்ளையடிக்கற சுண்ணாம்பு, தண்ணி பட்டா கொதிக்கற கல்லு சுண்ணாம்பு ரெண்டும் வேணாம். காஞ்ச தூள்னா அரை கிலோவுக்கு 5 கிராம், வெத்தலை சுண்ணாம்புல தண்ணி இருக்கு, அதனால ரெண்டு டீஸ்பூன். ஒன்றரை லிட்டர் தண்ணில கரைச்சு எவர்சில்வர் பாத்திரத்துல வேக வைங்க, அலுமினியத்த சுண்ணாம்பு அரிச்சிடும். 30, 40 நிமிஷத்துல ஒரு சோள மணிய எடுத்து தேய்ச்சா தோல் வழுக்கிட்டு வரணும், வந்ததும் அணைச்சுட்டு மூடி வெச்சு காலைல நாலு தண்ணி மாத்தி தேய்ச்சு கழுவிடுங்க. அரைக்கறப்ப தண்ணி தெளிச்சு தெளிச்சு கெட்டியா அரைங்க, இட்லி மாவு பதத்துக்கு போயிட்டா தட்ட முடியாது, கொஞ்சம் இளகிட்டா கடை மாவ தூவி சரி பண்ணிக்கலாம். மக்காச்சோளம் மளிகைக்கடைல வாங்குங்க, கோழித்தீவன மூட்டை வேணாம், அதுல பூஞ்சை இருக்கலாம்.

பழையபேட்டை அக்கா:
தம்பி, சுண்ணாம்பு கையோட கண்ண தொட்டுடாதீங்க. சூப் மிஞ்சுனா கொட்டிடாதீங்க, மறுநாள் அதுலயே சேமியா வேக வெச்சு சாப்ட்டு பாருங்க.