நீதிபதி கையெழுத்தே இல்லாத சம்மன்: அமெரிக்க அரசு வழக்கறிஞருக்கு இவ்வளவு அதிகாரம் தேவையா?

கணக்குப்பிள்ளை

அமெரிக்காவில் மருத்துவர்களுக்கு பில் போட்டுத் தரும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே பதினோரு பக்கம். ஆறு வருடத்து பில்கள், மின்னஞ்சல்கள், குறிப்புகள் எல்லாம் வேண்டுமாம். 'ஆவணம்' என்றால் என்ன என்பதற்கே அரைப் பக்க விளக்கம். கம்ப்யூட்டர் திரையில் ஒட்டி வைக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள்கூட அதில் அடக்கம். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நீதிபதி கையெழுத்து இல்லை, வழக்கு எண் இல்லை. எங்கள் வட்டாரத்து மத்திய அரசு வழக்கறிஞரின் கையெழுத்து மட்டும்.

இதற்குப் பெயர் சிவில் இன்வெஸ்டிகேட்டிவ் டிமாண்ட். அரசாங்கத்திடம் பொய்க் கணக்கு காட்டிப் பணம் வாங்குகிறவர்களைப் பிடிக்க 1863ல் வந்த ஃபால்ஸ் கிளைம்ஸ் சட்டம் இருக்கிறதே, அதன் கீழ் அனுப்புவது. எங்கள் மேல் வழக்கு எதுவும் கிடையாது. வழக்கு போடலாமா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். நாளைக்கு எனக்கு எதிராக வாதாடப் போகிறவர், இன்றைக்கு நீதிமன்றப் படி ஏறாமலே என் அலமாரியைத் திறக்கச் சொல்லலாமா?

வாய்தா வரதன்

பிள்ளை அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வருகிறது. இந்தியாவில் விசாரணை நீதிமன்றங்களில் தேய்ந்தவன் நான். இங்கே அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு துண்டுக் காகிதம் வரவழைக்கக்கூட தனி அதிகாரம் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91வது பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 94. அதில் ஆவணம் கேட்டு உத்தரவிட இரண்டே பேருக்குத்தான் உரிமை: நீதிமன்றம், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி. அரசு வழக்கறிஞர் புலனாய்வு அமைப்பின் பகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1994லேயே சொல்லிவிட்டது. அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டுத் திருத்திய குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. அதையும் 2000ல் ரத்து செய்துவிட்டார்கள்.

விளைவு என்ன? வழக்குக் கட்டு எங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். முக்கியமான ஒரு மாதத்து வங்கிக் கணக்கு மட்டும் கட்டில் இருக்காது. ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். நாளைக்கு எதை நிரூபிக்க வேண்டும் என்று தெரிந்தவன் இன்றைக்கே கேள்வி கேட்டால் வழக்கு உருப்படும்.

பனங்காட்டான்

வக்கீல் சார், நிரூபிக்கத் தெரிந்தவன் கேட்கட்டும், சரி. யாருடைய அனுமதியில் என்பதுதான் கேள்வி.

சோதனை வாரண்ட் வேண்டுமென்றால் குற்றம் நடந்திருக்கிறது என்று நம்பத் தகுந்த காரணத்தை நீதிபதி முன்னால் காட்ட வேண்டும். சப்பீனாவுக்கு, அதாவது ஆளையோ ஆவணத்தையோ வரவழைக்கும் உத்தரவுக்கு, அதெல்லாம் வேண்டாம். அமெரிக்க மத்திய குற்றவியல் நடைமுறை விதி 17ஐப் படியுங்கள். நீதிமன்ற குமாஸ்தா முத்திரை குத்தி வெற்றுப் படிவமாகவே கொடுத்துவிடுவார். பெயரையும் பட்டியலையும் வழக்கறிஞர் நிரப்பிக்கொள்வார். நிரப்பாத காசோலை மாதிரி. 'கிராண்ட் ஜூரி கேட்கிறது' என்று அதில் இருக்கும். அந்தப் பதினாறு முதல் இருபத்துமூன்று பேரும் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

பிள்ளைக்கு வந்த ரகம் இன்னும் சுலபம். 2009 வரை நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பிறகு அதிகாரத்தைக் கீழே பகிரலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால்தான் உங்கள் வட்டாரத்துக்காரர் கையெழுத்து.

1950ல் மார்ட்டன் சால்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் செல்லும்: சட்டம் மீறப்படுகிறது என்ற வெறும் சந்தேகத்தில் அரசு அமைப்பு விசாரிக்கலாம், ஏன், மீறப்படவில்லை என்று தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளக்கூட விசாரிக்கலாம். இதற்கு மேல் என்ன சொல்ல?

சும்மா படிக்கிறவன்

கிராண்ட் ஜூரி என்றால் தீர்ப்பு சொல்லும் ஜூரியா?

வாய்தா வரதன்

இல்லை தம்பி. அது வேறு. கிராண்ட் ஜூரி, வழக்குத் தொடரப் போதுமான ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மத்திய வழக்கென்றால் பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டு. மூடிய அறை, நீதிபதி கிடையாது. சாட்சி தன் வக்கீலை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பனங்காட்டான் பாதியைத்தான் சொல்கிறார். வாரண்ட் வந்தால் கதவை உடைத்து அள்ளிக்கொண்டு போவார்கள், வாதமெல்லாம் அப்புறம்தான். சப்பீனா கதவைத் தட்டுகிறது. கொடுப்பதற்கு முன்பே நீதிமன்றம் போய் 'இது அநியாயம்' என்று சொல்லலாம். பிள்ளைக்கு வந்த ரகத்துக்கு 20 நாள் அவகாசம். பதில் தர வேண்டிய தேதி அதற்கு முன்னால் வந்தால் அதுவரை. கொடுக்க மாட்டேன் என்று சும்மா உட்கார்ந்தாலும் அந்த வழக்கறிஞர் தானாக எதுவும் செய்ய முடியாது, நீதிபதியிடம்தான் ஓட வேண்டும்.

இன்னொன்று. கிளின்டன் ஆட்சியில் நீதித்துறையில் இருந்த வெப்ஸ்டர் ஹப்பலிடம் சப்பீனா போட்டு, கொடுப்பதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்று விலக்களித்து, 13,120 பக்கம் வாங்கினார்கள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டே அவர் மேல் வழக்கு போட்டார்கள். 2000ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று நிறுத்திவிட்டது. தேடி எடுத்துக் கொடுக்கும் செயலே ஒருவகைச் சாட்சியம், தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றது. நீங்கள் சொல்கிற அளவுக்குக் கேட்பாரில்லாத அதிகாரம் இல்லை இது.

பனங்காட்டான்

ஹப்பல் தனி மனிதர். நிறுவனத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, 1906லிருந்தே. பிள்ளையின் அலுவலகம் ஹப்பலைக் காட்டித் தப்ப முடியாது. கிராண்ட் ஜூரி சப்பீனாவை எதிர்த்துப் போனால், சம்பந்தமுள்ள தகவல் கிடைக்க நியாயமான வாய்ப்பே இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும் (1991, ஆர். என்டர்பிரைசஸ் வழக்கு). எதை விசாரிக்கிறார்கள் என்றே சொல்லாமல், சம்பந்தமில்லை என்று எப்படிக் காட்டுவது?

கணக்குப்பிள்ளை

20 நாள் என்று சட்டப் புத்தகத்தில் இருப்பது உண்மைதான். எங்களுக்கு வக்கீல் கிடைக்கவே பன்னிரண்டு நாள் ஆனது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வக்கீல் நீதிமன்றம் போகவில்லை. அந்த அரசு வழக்கறிஞருக்கு போன் போட்டார். நாற்பது நிமிடம். ஆறு வருடம் மூன்று வருடமானது. எல்லோருடைய மின்னஞ்சலும் என்பது நான்கு பேருடைய மின்னஞ்சலானது. ஒரே நாளில் கொடுக்க வேண்டாம், மாதாமாதம் கொடுங்கள் என்றார்கள். மறுமுனையில் இருந்தவர் நியாயமான மனுஷி. அதுதான் என்னை உறுத்துகிறது. அவர் நியாயமாக இல்லாதிருந்தால்?

மல்லி

நீங்கள் மூவரும் காகிதம் உங்கள் கையில் இருப்பதாகவே பேசுகிறீர்கள். அது வங்கியில் இருந்தால்? உங்கள் வங்கிக் கணக்கு விவரம் வங்கியின் ஆவணம், அதில் உங்களுக்கு அந்தரங்க உரிமை இல்லை என்று 1976ல் தீர்ப்பு (மில்லர் வழக்கு). 1978ல் அமெரிக்க நாடாளுமன்றம் கொஞ்சம் இறங்கி வந்து, மத்திய அரசு கேட்டால் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டது. அதிலும் கிராண்ட் ஜூரி சப்பீனாவுக்கு விலக்கு. வங்கி உங்களுக்காகச் சண்டை போடுமா? அதற்கென்ன தலையெழுத்து.

2018ல் கார்பென்டர் வழக்கில்தான் ஒரு கோடு கிழித்தார்கள். ஒருவர் 127 நாள் எங்கெல்லாம் போனார் என்ற செல்போன் கோபுர விவரத்தை வாரண்ட் இல்லாமல் வாங்கியிருந்தார்கள். 5-4 என்று நூலிழையில் தவறு என்றார்கள்.

பனங்காட்டான்

மாநில அட்டர்னி ஜெனரல்களை விட்டுவிட்டோமே. 43 மாநிலங்களில் அவர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க்கில் 1921லிருந்து மார்ட்டின் சட்டம். பங்குச் சந்தை மோசடியில் ஏமாற்றும் நோக்கத்தை நிரூபிக்காமலே சிவில் வழக்கு போடலாம், ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கலாம். அதை வைத்து வால் ஸ்ட்ரீட்டை ஆட்டிப் பெயர் வாங்கிய எலியட் ஸ்பிட்சர் அடுத்து ஆளுநரே ஆனார். அடுத்த தேர்தலுக்குச் சுவரொட்டி தேவைப்படுகிறவர் கையில் சப்பீனாப் புத்தகம்.

வாய்தா வரதன்

ஓட்டு வாங்காதவர் கையில் இருந்தால் மட்டும் என்ன? இங்கே பணமோசடித் தடுப்புச் சட்டம் 50வது பிரிவில் அமலாக்கத் துறை அதிகாரி சம்மன் அனுப்புகிறார். அவர் போலீஸ் இல்லை, அதனால் அவரிடம் சொன்னது ஆதாரமாகும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம். மணல் விவகாரத்தில் தமிழ்நாட்டுக் கலெக்டர்களுக்கே சம்மன் போய், 2024 பிப்ரவரியில் ஆஜராகத்தான் வேண்டும் என்றது. 2025ல் கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொன்ன மூத்த வக்கீல்களுக்கும் போனது; அக்டோபரில்தான் கடிவாளம் போட்டார்கள். வக்கீலிடம் கொடுக்காததால் அதிகாரம் ஆவியாகிவிடவில்லை. அதிகாரி கைக்குப் போயிற்று. வக்கீலென்றால் நாளைக்கு அதே நீதிபதி முகத்தில் விழிக்க வேண்டும் என்ற கூச்சமாவது இருக்கும்.

மல்லி

சார், நீங்கள் 1994 தீர்ப்பைக் குறையாகச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் நிறையாகப் படுகிறது. தானே தேடிச் சேர்த்த ஆதாரம் யாருக்கும் பொன்குஞ்சு. 'இது தேறாது, விட்டுவிடுங்கள்' என்று சொல்ல, தேடாத ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் அவரும் தேடுகிறவரும் ஒருவரே.

வாய்தா வரதன்

அதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. ஆனால் 'தேறாது' என்று நான் எழுதிக் கொடுத்த கட்டுகளும் அப்படியே நீதிமன்றம் போயிருக்கின்றன.

சும்மா படிக்கிறவன்

பிள்ளை அண்ணா, கடைசியில் உங்கள் விஷயம் என்ன ஆச்சு?

கணக்குப்பிள்ளை

ஒன்றும் ஆகவில்லை. கேட்டதையெல்லாம் கொடுத்து முடித்து ஒரு வருடம் ஆகிறது. வழக்கும் வரவில்லை, 'முடித்துக்கொண்டோம்' என்று கடிதமும் வரவில்லை. விசாரணையைத் தடுக்கும் எண்ணத்தோடு எதையாவது அழித்தால் 20 வருடம் வரை சிறை என்பதால், அழிக்கலாம் என்று எழுத்தில் வரும்வரை எதையும் தொடாதே என்கிறார் எங்கள் வக்கீல். என் மேசை இழுப்பறையில் ஒரு செருப்பு டப்பா இருக்கிறது. உள்ளே முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள். நேற்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: 'பிரின்டருக்கு மை வாங்கணும்.' திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.