பாண்டி பஜார் மாதிரி நடைபாதை மத்த கடைத்தெருவுக்கும் செட் ஆகுமா?

மாம்பலவாசி:
2019 நவம்பர்ல தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் தொறந்தாங்கல்ல, நடக்க நல்லாத்தான் இருக்கு, அம்மாவ கூட்டிட்டு போனா பெஞ்ச்ல ஒக்கார வச்சுட்டு கடைக்குள்ள போயிட்டு வரலாம், முன்னாடி அந்த ரோட்ல அதெல்லாம் நடக்கிற காரியமா. ஆனா அங்கங்க பைக்க ஏத்தி நிறுத்திடறாங்க. இதையே வேற கடைத்தெருவுல செஞ்சா மொதல்ல எத கவனிக்கணும்? அகலமா போட்டா போதுமா?

ஜல்லிகருங்கல்:
பத்தாது பாஸ். ரோடு டிசைன் வேலைலதான் இருக்கேன். ஐஆர்சி 103னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட நடைபாதை வழிகாட்டி இருக்கு, அதுல நடக்கறதுக்கு தடையில்லாம கொறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும், நடைபாதை உயரம் 150 மில்லிமீட்டர தாண்டக்கூடாதுன்னு இருக்கு. நம்மாளுங்க ஒரு அடிக்கு தூக்கி கட்டிட்டு, அதுக்கு நடுவுல ஈபி பொட்டியையும் நட்டு வச்சிடுவாங்க, முட்டிவலிக்காரங்க ஏறி எறங்க முடியாம ரோட்லயே போவாங்க.

அதவிட முக்கியம் சந்து வந்து சேர்ற எடம். அங்க நடைபாதைய எறக்கவே கூடாது, அதே மட்டத்துல குறுக்க கொண்டு போகணும், அப்பதான் வண்டிக்காரன் ஸ்லோ பண்ணி ஏறி எறங்குவான். போலார்டு, அதான் அந்த குட்டைத் தூண், மட்டும் நட்டா பைக்க தடுக்க முடியாது, வீல்சேர் போற அளவு கேப் விட்டா பைக்கும் நுழையும். கிட்டக்கயே பார்க்கிங் குடுத்து, அப்புறமும் ஏத்தினா ஃபைன் போட ஆள் வேணும்.

வளையல்கடை:
எல்லாரும் பைக்கயே பேசுறீங்க. பாண்டி பஜார்ல தரைக்கடை போட்டிருந்தவங்கள 2013லயே கட்டடத்துக்குள்ள ஏத்திட்டாங்க. மாடி ஏறி வந்து எவங்க ஹேர்பின் வாங்குவாங்க சொல்லுங்க, போற வர்றவங்க கண்ணுல பட்டாதானே யாவாரம்? 2014லயே தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தாச்சு, நகர விற்பனைக் குழு வச்சு எடம் குடுக்கணும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்கிற எடத்த பிளான்லயே கடைக்குன்னு கோடு போட்டுட்டா நடக்கற வழியும் அடைபடாது.

மாம்பலவாசி:
இது நியாயம்தான். அப்போ ரங்கநாதன் தெரு? 2023ல மாம்பலம் ஸ்டேஷன்லேருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாதை விட்டாங்களே, அந்த மாதிரி போட்டா?

ஜல்லிகருங்கல்:
அது ட்ரெயின விட்டு எறங்கி பஸ்ஸ பிடிக்க ஓடறவங்களுக்கு. ரங்கநாதன் தெருவுக்கு வர்றவங்க கடைக்குன்னே வர்றாங்க, மேல ஏத்திவிட்டா எப்படி? அங்க கூட்டத்துல வண்டி ஓட்டவே முடியாது, அது ஏற்கனவே நடக்கற தெருதான். வேண்டியது கடை வாசல்ல வெளிய நீட்டி வச்சிருக்கிற ஸ்டாண்ட உள்ள தள்றதும் ஃபயர் வண்டி போக வழியும். அதுக்கு டிசைனர் தேவையில்ல, மாநகராட்சி ஆள் டெய்லி ஒரு ரவுண்டு வந்தா போதும்.