ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை என்றார்கள், எம்.ஆர்.ஐ.யில் தெரியுமா?

சாட்ஸ்வொர்த் பெண்:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். முடித்து எழுந்த பிறகும் சில துளிகள் தானாகக் கசிகின்றன. கிருமித்தொற்று என்று மாத்திரை தருகிறார்கள், அடங்குகிறது, மறுபடியும் வருகிறது. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனிலும் குறையில்லை, சிறுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்த ஸ்கோப்பிலும் குறையில்லை. இப்போது இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். மருந்தேற்றி எடுக்கும் எக்ஸ்ரே போதாதா என்று கேட்டு மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறது. உள்ளே கருவி விட்டே தெரியாதது வெளியிலிருந்து எப்படித் தெரியும்? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூக்குத்தியும் கழலாது.

பெரியம்மா:
பார்லித் தண்ணீர் குடித்துப் பாரம்மா. சூடுதான் காரணம்.

ஸ்கேன் அறை ஊழியர்:
பார்லி குடிப்பதில் தவறில்லை பெரியம்மா, ஆனால் இவர் சொல்லும் அறிகுறிகளுக்கு அது விடையல்ல.

சகோதரி, பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளந்தான். அதன் சுவரை ஒட்டிச் சிலருக்கு ஒரு சிறு பை உருவாகிவிடும், டைவர்டிகுலம் என்பார்கள். சிறுநீர் அதில் தேங்கிப் பிறகு கசியும், தொற்றும் திரும்பத் திரும்ப வரும். ஸ்கோப் குழாயின் உட்புறத்தை மட்டுமே காட்டும். பையின் வாய் ஊசிமுனை அளவாக இருந்தால் தப்பிவிடும். எக்ஸ்ரேயிலும் அந்த வாய் வழியாக மருந்து புகுந்தால்தான் பை தெரியும், அதற்கும் குழாய் செருக வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு வாய் திறந்திருக்கிறதா என்ற கவலையே இல்லை. டி2 என்ற வகைப் படத்தில் தேங்கிய நீர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கதிர்வீச்சும் கிடையாது.

மெடிக்கல் எய்டுக்கு வெறும் "தொற்று" என்று போனால் இழுத்தடிப்பார்கள். எதைச் சந்தேகிக்கிறார், எந்தச் சோதனைகள் பலன் தரவில்லை என்று மருத்துவரிடமே கடிதம் கேட்டு வாங்குங்கள்.

சர்க்கரை இருப்பதால், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கடோலினியம் மருந்தைச் செலுத்துமுன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். மூக்குத்தியை நகைக்கடையில் கழற்றிவிட்டு வாருங்கள். எம்.ஆர்.ஐ. கருவி ஒரு பெரிய காந்தம். தங்கம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் திருகில் என்ன உலோகம் கலந்திருக்கிறதோ!

சாட்ஸ்வொர்த் பெண்:
அனுமதி கிடைத்து, எடுத்துவிட்டேன். குழாயைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் பை இருக்கிறதாம். புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமில்லை.

ஸ்கேன் அறை ஊழியர்:
பெரும்பாலும் அப்படி இருக்காது. அரிதாகச் சிலருக்கு வருவதுண்டு. அதற்காகத்தான் மருந்து செலுத்திய படத்தையும் பார்க்கிறார்கள்: பைக்குள் மருந்தை ஈர்க்கும் திசு வளர்ச்சி இருந்தால் அறிக்கையில் எழுதியிருப்பார்கள். கல் இருந்தால் வெள்ளை நீருக்குள் கருப்பாகத் தெரியும். அறிக்கையில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பையின் வாய் எந்தப் பக்கம், சிறுநீரை அடக்கும் தசைக்கு எவ்வளவு அருகில் என்பதையும் கேளுங்கள். அறுவை செய்பவருக்கு அதுதான் முக்கியம். அறிக்கைத் தாளோடு படங்கள் உள்ள சி.டி.யையும் கொண்டு செல்லுங்கள்.