'ஓபன் கால்' தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தருமபுரியிலிருந்து, ஞாயிறு இரவு

அனைவருக்கும் வணக்கம். தை மாதம் தருமபுரியில் தற்காலக் கலைக் கண்காட்சி ஒன்று வைக்கிறோம். கருப்பொருள் 'கல்'. நடுகல், ஆட்டுக்கல், மல்லச்சந்திரத்துக் கல்திட்டை, குவாரியிலிருந்து லாரியில் போகும் கறுப்புப் பாளம், கலைஞர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தான் செய்ய நினைப்பதை ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு கோட்டோவியமும் முன்பு செய்தவற்றின் 5 படங்களும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதிலிருந்து 12 பேரைத் தேர்ந்தெடுப்போம். பொருட்செலவும் வண்டி வாடகையும் எங்களுடையது. இந்த அறிவிப்புக்கு ஆங்கில நோட்டீஸில் 'ஓபன் கால்' என்று இருக்கிறது.

போன முறை 'கலைஞர்களுக்கு அழைப்பு' என்று போட்டோம். பென்னாகரம் பக்கத்திலிருந்து கடைப் பலகை எழுதும் ஒரு பெரியவர் மூன்று படங்களைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார். "அழைப்புன்னு போட்டிருந்தீங்களே" என்றார். இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவர் சரியாகத்தான் படித்திருந்தார், நாங்கள்தான் தவறான சொல்லைப் போட்டிருந்தோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து, திங்கள் காலை

அம்மா, சொல் தேடும் முன் ஒன்று. 'கருப்பொருள்: கல்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று தொல்காப்பியர் அடுக்குவதுதான் கரு. கல் நிலத்தைச் சேர்ந்தது, ஆகவே முதற்பொருள். அதையே நடுகல்லாக நட்டுப் பீலி சூட்டினால் தெய்வமாகிவிடுகிறது, அப்போது கருப்பொருள். அதியமான் மறைந்தபின் ஔவை பாடிய புறம் 232ஐப் பாருங்கள், அவன் அங்கே கல்லாகத்தான் நிற்கிறான். கலைஞரின் மனத்தில் எழும் உணர்வைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்றால், அதற்குப் பெயர் உரிப்பொருள்.

இனி நீங்கள் கேட்ட சொல். அகப்பாடல்களில் 'வரைவு கடாதல்' என்று ஒரு துறை இருக்கிறது. எப்போது மணந்துகொள்வாய் என்று தோழி தலைவனை வற்புறுத்திக் கேட்பது. வரைதல் என்றால் தீட்டுதல். வரை என்றால் மலை. வரைவு என்றால் மணமும் ஆகும். நாம் மலைநாட்டில் இருந்துகொண்டு கலைஞரிடம் அவர் தீட்டிய வரைவைக் கேட்கிறோம், அரங்கோடு அதை மணமுடிக்கக் கேட்கிறோம். 'கடாதல்' கடினம் என்றால் 'வரைவு வேண்டல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓசூரிலிருந்து, திங்கள் மதியம்

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் 'வரைவு' என்றதும் சனங்களுக்கு நினைவு வருவது வரைவு வாக்காளர் பட்டியல், அதை விட்டால் வங்கி வரைவோலை. அரசு விளம்பரத்தில் 'வரைவோலை இணைக்கவும்' என்று படித்துப் பழகிய ஒருவர், இதற்கும் பணம் கட்ட வேண்டும்போல என்று ஒதுங்கிவிடுவார்.

எதைக் கேட்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சி 1769 முதல் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், குழு தேர்ந்தெடுக்கும். ஆனால் அங்கே போவது முடிந்த படைப்பு. பாரிஸில் 1863இல் குழு தள்ளிய படங்கள் மிக அதிகமாகி, ஓவியர்கள் கொதித்து, தள்ளப்பட்டவற்றுக்கென்றே மன்னர் தனிக் கண்காட்சி திறக்க வேண்டி வந்தது. அதுவும் முடிந்த படைப்புகளைப் பற்றிய சண்டைதான். 2012இல் தொடங்கிய கொச்சி பினாலேயின் முதன்மைக் கண்காட்சி வேறு மாதிரி, பொறுப்பாளரே கலைஞர்களைத் தேர்ந்து அழைப்பார். நாம் கேட்பது இன்னும் செய்யாத ஒன்றின் திட்டம், யாரும் அனுப்பலாம். 'ஒப்பந்தப்புள்ளி கோரல்' எல்லாருக்கும் தெரியும். அதே அச்சில் 'முன்மொழிவு கோரல்' என் பரிந்துரை.

கிருஷ்ணகிரியிலிருந்து, திங்கள் இரவு

'கோரு' தெலுங்கிலும் கன்னடத்திலும் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொல். தமிழில் அலுவலகக் கடிதத்தோடு நின்றுவிட்டது. 'வேண்டு' இருக்க அது ஏன்?

ஓசூரிலிருந்து, செவ்வாய் காலை

ஐயா, எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். எனக்குக் கோரு அயல்சொல்லாகப் படவே இல்லை. ஒகேனக்கல் கன்னடம்தான், ஹொகெ என்றால் புகை, கல்லு என்றால் கல். நம் கண்காட்சியின் பெயரே அதற்குள் இருக்கிறது. தூய்மை பார்த்து அதைப் 'புகைக்கல்' என்று எழுதினால் பஸ்ஸில் யாருக்கு விளங்கும்? நாம் தொகுக்கும் இந்த மாவட்டத்துக் கலைச்சொல் பட்டியலில் இந்த மூன்று மொழிக்கும் இடம் வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

அரூரிலிருந்து, செவ்வாய் மாலை

நான் ஓவியக் கல்லூரி மாணவி. 'கலைவிளி' என்றால் என்ன? விளி வேற்றுமை எல்லாரும் பள்ளியில் படித்தது. சின்னச் சொல், போஸ்டரில் பெரிய எழுத்தில் நன்றாக நிற்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து, செவ்வாய் இரவு

மகளே, நல்ல காது உனக்கு. எட்டாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியத்தில் விளிமரபு என்று தனி இயலே இருக்கிறது. ஆனால் விளிதல் என்றால் சாதலும் ஆகும். குறள் 143இல் 'விளிந்தார்' என்றால் இறந்தவர். கலை செத்தது என்று யாராவது படித்தால்? 'முரசறைவு' என்று வேண்டுமானால் வைக்கலாம். அரசன் ஊருக்கெல்லாம் ஒன்றைச் சொல்ல அதுதான் வழி.

அரூரிலிருந்து, புதன் காலை

ஐயா, முரசு வேண்டாம். ஊரில் தண்டோரா போட யாரை அனுப்பினார்கள் என்பது நமக்குத் தெரியும். என் தாத்தாவும் போட்டவர். 2022இல் அரசே அந்த வழக்கம் வேண்டாம் என்றது. எல்லாரையும் சமமாகக் கூப்பிடும் அறிவிப்புக்கு அந்த நினைவு வரும் சொல்லை வைக்க எனக்கு மனமில்லை. விளியை விட்டுவிடுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து, புதன் காலை

சரியாகச் சொன்னாய். முரசறைவைத் திரும்பப் பெறுகிறேன்.

தருமபுரி அச்சகத்திலிருந்து, புதன் மாலை

நோட்டீஸ் அடிக்கிறவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன். 'அழைப்பு' மட்டும் போட்டால் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம். போனால் இலை போடுவார்கள் என்ற உறுதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பென்னாகரத்துப் பெரியவர் அதை நம்பித்தான் வந்திருப்பார். 'முன்மொழிவு' என்றால் தேர்தல் வேட்புமனு, முன்மொழிபவர் கையெழுத்து. பள்ளி அலுவலகங்களில் 'கருத்துரு' என்று எழுதுவார்கள், பேசும்போது அவர்களும் ப்ரொபோசல்தான். 'திறந்த அழைப்பு' என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார், அது உறை ஒட்டாத கடிதம் மாதிரி இருக்கிறது. பொதுக்கிணறு, பொது ஏலம், பொதுக்கூட்டம் என்பதில் வரும் 'பொது' எல்லாருக்கும் புரியும். யாரும் வரலாம், ஆனால் ஏலம் எல்லாருக்கும் கிடைக்காது. 'பொது அழைப்பு' என்று போட்டு, கீழே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். சொல் எதுவானாலும் வியாழன் மதியத்துக்குள் வந்தால்தான் அடிக்க முடியும்.

தருமபுரியிலிருந்து, வியாழன் காலை

எழுதிய எல்லாருக்கும் நன்றி. பொது அழைப்பு 7, முன்மொழிவு கோரல் 4, வரைவு வேண்டல் 2. பாதிப் பேர் அச்சகத்தின் கெடுவுக்காகவே கை தூக்கினார்கள் என்று தெரிகிறது. நேற்று இரவு அந்தப் பெரியவரின் எண்ணைத் தேடிப் பிடித்து, நோட்டீஸைப் போனில் படித்துக் காட்டினேன்:

"கல் — கலைஞர்களுக்குப் பொது அழைப்பு. நீங்கள் செய்ய நினைப்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். படைப்பை இப்போது கொண்டுவர வேண்டாம். வருவதில் 12 தேர்ந்தெடுக்கப்படும். செலவு எங்களுடையது. கட்டணம் இல்லை."

"அப்போ படம் வேண்டாம், என்ன பண்ணப்போறேன்னு சொன்னாப் போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன். "எழுத வராதே, சொன்னா யாராச்சும் எழுதிக்குவாங்களா?" என்றார். ஆகவே 'போனில் சொன்னாலும் எழுதிக்கொள்வோம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அச்சகத்து அண்ணா, இதையே இறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து, வியாழன் மதியம்

நோட்டீஸுக்கு ஏற்கிறேன். அந்தக் கடைசி வரி நல்ல வரி. கலைச்சொல் பட்டியலுக்கு மட்டும் ஏற்கவில்லை. 'பொது அழைப்பு' என்பதில் யாரைக் கூப்பிடுகிறோம் என்பது இருக்கிறது, எதைக் கேட்கிறோம் என்பது இல்லை. அதற்கு நோட்டீஸில் ஐந்து வரி தேவைப்பட்டிருக்கிறது. 'வரைவு வேண்டல்' என் வாக்காகப் பதிவில் இருக்கட்டும். கல் முதற்பொருளா கருப்பொருளா என்று நான் கேட்டதற்கும் யாரும் பதில் எழுதவில்லை. நாளை தனி இழையாகத் தொடங்குகிறேன்.