பிளாக் தண்டரா, கொச்சியா, பிடதியா? எட்டுப் பேர், இரண்டு இரவு

பல்லடம் பவர் டேபிள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல்லடம் பக்கத்தில் பதினான்கு தையல் இயந்திரங்கள் வைத்துப் பவர் டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் கூடம், நடத்துகிறோம். தீபாவளி விடுமுறை என்று பெயர்தான். போனஸ் கணக்கை முடித்து ஆளுக்கு ஆள் கொடுத்து அனுப்பிய களைப்பில் தூங்கியே கழிந்துவிடும். சித்திரை நோம்பிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் நாட்கள்தான் எங்களுக்கு உண்மையான ஓய்வு. இந்த முறை மே இரண்டாம் வாரத்தில், ஒரு ஆர்டர் முடிந்து அடுத்தது ஏறுவதற்குள், நான்கு நாள் இடைவெளி கிடைத்திருக்கிறது. கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று பையன் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ‘அடுத்த வருடம் போகலாம்’ என்று சொல்லிச் சொல்லி, இப்போது அவன் கேட்பதையே நிறுத்திவிட்டான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நானும் வீட்டுக்காரரும். பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு ஆறு. மாமியாருக்கு 67, முழங்கால் வலி, படி ஏறினால் அன்று இரவு தூக்கம் போய்விடும். பிள்ளைகளின் அப்புச்சி, அதாவது என் அப்பாவுக்கு 72. சர்க்கரை இருப்பதால் மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரமாவது படுத்தாக வேண்டும். அப்புறம் எங்கள் நங்கையாவும் (அண்ணி முறை) கல்லூரியில் படிக்கும் அவர் மகளும். மொத்தம் எட்டுப் பேர்.

மூன்று இடங்களை வைத்துக்கொண்டு வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது. ஒன்று மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். அங்கேயே தங்கவும் வசதி இருக்கிறது, அதனால் வீட்டுக்காரர் அதைச் சொல்கிறார். கொச்சி வொண்டர்லாவுக்கு நங்கையாவின் மகள் தோழிகளுடன் போய்வந்தாள், அவள் கட்சி அது. பெங்களூரை அடுத்த பிடதி வொண்டர்லாவில் பூங்காவை ஒட்டியே ரிசார்ட் இருக்கிறது என்கிறார்கள். பையன் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியில் அவன் பார்க்கும் வீடியோ எல்லாம் பிடதியில் இருக்கும் ரீகாயில் ரோலர் கோஸ்டர்தான்.

செலவை எப்படியாவது சமாளித்துவிடலாம். எனக்கு வேறு கவலை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு பூங்காவுக்கு எல்லோருமாகப் போயிருந்தோம். மதியம் நாங்கள் தண்ணீரில் இருந்த நேரமெல்லாம் அப்பா ஒரு சிமெண்டு பெஞ்சில் படுத்திருந்தார். துண்டை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். எங்கள் பைகள் அவரைச் சுற்றிக் கிடந்தன. ஈரத்தோடு திரும்பி வந்து பார்த்தபோது, என் கைப்பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு தூங்கியிருந்தார். எழுப்பியதும், ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன் கண்ணு, நீங்கள் விளையாடுங்கள்’ என்றார். அப்படி இன்னொரு நாள் எனக்கு வேண்டாம். குடும்பமாகப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள், எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

மேட்டுப்பாளையம் மண்டி எழுதியது:

அம்மணி, நான் இங்கே உருளைக்கிழங்கு மண்டியில் இருக்கிறேன். என் ஊர் என்பதற்காகச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளாக் தண்டர் ஊட்டி சாலையில், மலை ஏறுவதற்கு முன்பே இருக்கிறது. 2024 மே முதல் நீலகிரிக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதைக் கேட்பது கல்லாறு சோதனைச் சாவடியில். பூங்கா அதற்கு இந்தப் பக்கம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மே மாதத்துச் சனி, ஞாயிறில் ஊட்டிக்குப் போகிற வண்டி அத்தனையும் இதே சாலையில்தான் நிற்கும். வார நாளில் வாருங்கள்.

பெரியவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தேக்கம்பட்டியில் வனபத்ரகாளியம்மன் கோயில், பவானி ஆற்றங்கரை. உங்கள் மாமியார் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார். அடுத்தது மலை ரயில். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்லில் இன்ஜினின் சக்கரம் பிடித்து, ஆள் நடக்கும் வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக ஏறும். குன்னூர் வரை 1899-லேயே ஓடத் தொடங்கிய ரயில். முழங்கால் வலிக்காரருக்கும் சர்க்கரைக்காரருக்கும் உட்கார்ந்தபடியே மலையைப் பார்க்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மே மாதத்துக்கு டிக்கெட் கிடைப்பதுதான் கடினம், இன்றைக்கே பாருங்கள்.

சூலூர் டீச்சர் எழுதியது:

பல்லடம் தங்கைக்கு. நாங்கள் கொச்சிக்கும் போயிருக்கிறோம், பிடதிக்கும் போயிருக்கிறோம், இரண்டு முறையும் மாமனார் மாமியாரோடு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்த ஊர் என்று முடிவு செய்வதற்கு முன் இஞ்ச் டேப்பை எடுங்கள். உங்கள் தையல் கூடத்தில் பத்து டேப்பாவது கிடக்கும். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் ஒரு அட்டையை மட்டமாக வைத்து அளவெடுங்கள். வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டை வயது பார்த்துக் கொடுப்பதில்லை, உயரம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், அதிலிருந்து 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். பெரிய ராட்டினங்கள் பலவற்றுக்கும் அந்த 140 தான் கோடு. தோள்மேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் கவசம் அதைவிடக் குட்டையான உடம்பில் சரியாகப் பொருந்தாது, அதனால் ஊழியரிடம் கெஞ்சவே கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பூங்காவில் என் மகன் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, அளவுப் பலகைக்கு வந்தபோது 138 இருந்தான். குதிகாலை மெல்ல உயர்த்தினான். அங்கிருந்த ஊழியப் பையன் கோபப்படாமல், இவன் தோளில் கையை வைத்துக் குதிகால் தரையில் படும் வரை பொறுத்திருந்து, ‘அடுத்த வருடம் வா தம்பி’ என்றான். அவன் செய்தது சரி. அளவெடுக்காமல் கூட்டிப் போனது என் தவறு. வீட்டிலேயே அளந்து, எதில் ஏறலாம், எதில் முடியாது என்று உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அன்று மாலை முழுவதும் மகன் பேசாமல் இருந்திருக்க மாட்டான். உங்கள் மகனும் ஏறக்குறைய அதே வயது. அவன் விரும்பும் ரீகாயில் முன்னோக்கிப் போய்ச் சுழன்று, அதே பாதையில் பின்னோக்கித் திரும்பி வருவது. நெஞ்சு படபடக்கும் பெரியவர்கள் கீழே நின்று பார்ப்பதோடு சரி.

அடுத்தது துணி. துணி விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, இருந்தாலும் கேளுங்கள். பருத்தி பனியனோடு, பருத்திப் புடவையோடு நீர் விளையாட்டுகளுக்கு விடமாட்டார்கள். நைலான், லைக்ரா, பாலியஸ்டர்தான். நம் ஊரே பருத்தியில் பிழைக்கிறது என்றாலும் காரணம் நியாயமானது. பிசிறு உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும், சாயம் இறங்கும், ஊறிய துணி கனத்து ஆளை இழுக்கும். என் மாமியார் ஆசையாக அலைக்குளம் வரை நடந்துவந்தார். கரையில் நின்று, புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் போங்கள்’ என்று திரும்பிவிட்டார். பெரியவர்களுக்குத் தண்ணீரில் ஆசை இருக்காது என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். அவருக்கும் ஒரு உடுப்பு எடுத்துப் போயிருக்க வேண்டும்.

இனி ஊர். கொச்சிப் பூங்கா பள்ளிக்கரையில் இருக்கிறது. 2000-இல் வீகா லேண்ட் என்ற பெயரில் தொடங்கியது. என் கணவர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார். கோவையிலிருந்து சாலை நன்றாகிவிட்டது. பாலக்காடு தாண்டிக் குதிரான் மேட்டில் லாரிக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்ற காலம் போய், 2021-இல் சுரங்கம் திறந்த பிறகு நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். நாங்கள் காக்கநாட்டில் அறை எடுத்துத் தங்கினோம். அங்கேதான் உங்கள் கவலை வருகிறது: அறை வேறு இடம், பூங்கா வேறு இடம். மதியம் இரண்டு மணிக்கு மாமனாருக்குப் படுக்க வேண்டும் என்றால் ஒருவர் அவரோடு டாக்சியில் போக வேண்டும், போனவர் திரும்பி வருவதற்குள் நாள் முடிந்துவிடும். மே மாதப் புழுக்கமும் கடுமை. மதியத்துக்கு மேல் இடிமழை வந்தால் உயரமான ராட்டினங்களை நிறுத்தி வைப்பார்கள்.

பிடதியில் அறைக்கு நடந்தே போனோம். மாமனார் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், நாலரை மணிக்கு முகம் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு, தானே நடந்து வந்து எங்களைத் தேடிப் பிடித்தார். பெரிய ராட்டின எண்ணிக்கையை விட எனக்கு அதுதான் நினைவில் நிற்கிறது. வெளியே போய்த் திரும்பி வருவதற்கு என்ன ஏற்பாடு என்று முன்பதிவின்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரெயின் டிஸ்கோவில் பொழிவது வெதுவெதுப்பான தண்ணீர், சின்னவள் நடுங்க மாட்டாள். அறுபது கடந்தவர்களுக்கும் கல்லூரி மாணவிக்கும் டிக்கெட்டில் சலுகை உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

போகும் வழி: சத்தியமங்கலம், திம்பம் பக்கம் காரில் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். 27 கொண்டை ஊசி வளைவு, இரவில் தடையும் இருக்கிறது. வேண்டாம். கோவை–பெங்களூர் வந்தே பாரத் திருப்பூரில் நிற்கிறது. அதில் உட்கார்ந்தால் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் இறங்கலாம், அங்கிருந்து இரண்டு டாக்சி.

பொள்ளாச்சி தென்னை எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை அக்கா. 72 வயதுக்காரரை எதற்காக இத்தனை தூரம் அலைக்கழிக்க வேண்டும்? எல்லோரும் சேர்ந்து ஒரே நாள் மலம்புழா போய் வாருங்கள். அணை, தோட்டம், கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் வடித்த யட்சி சிலை, உட்கார்ந்தபடி போகும் ரோப்வே, பக்கத்திலேயே ஃபேன்டசி பார்க். ஆறு வயதுக் குழந்தைக்கு அது போதும். பையனுக்கு அது சின்ன இடம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவனை அப்பாவோடு தனியே பிடதிக்கு அனுப்புங்கள்.

ஈரோடு மாணவன் எழுதியது:

செவ்வாய் அல்லது புதன் போங்கள் அக்கா. மே மாதத்தில் கர்நாடகத்திலும் பள்ளி விடுமுறை. வரிசையைக் குறைக்கும் ஃபாஸ்ட்டிராக் டிக்கெட்டை எட்டுப் பேருக்கும் எடுக்க வேண்டாம். பெரிய ராட்டினம் ஏறப் போகிறவர்களுக்கு மட்டும் போதும்.

பல்லடம் பவர் டேபிள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் அக்கா சொன்ன அன்றே அளந்தேன். செக்கிங் மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பையன் 141, பெண் 109. இரண்டு முறை அளக்கச் சொன்னான். இரண்டாவது முறையும் 141 வந்ததும் ஒன்றும் பேசாமல் சாக்கட்டியை எடுத்து அந்தக் கோட்டின் மேல் தன் பெயரை எழுதினான். பிடதி என்று அப்போதே முடிவாகிவிட்டது. செவ்வாய், புதன் இரண்டு இரவுக்கு ரிசார்ட்டில் மூன்று அறை போட்டாயிற்று.

பொள்ளாச்சித் தம்பி கேட்டது மனதில் கிடந்து உறுத்தியது. அப்பாவுக்கு எது நல்லது என்று இத்தனை நாள் நாங்களே பேசினோம், அவரை யாரும் கேட்கவில்லை. நேற்று சாப்பாடு போடும்போது கேட்டேன். பிடதிக்கு வர மாட்டேன் என்று சொல்லவில்லை. பேரன் அந்த ராட்டினத்தில் ஏறுவதைக் கீழே நின்று பார்க்க வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மேட்டுப்பாளையம் மண்டி அண்ணா எழுதியதைப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் சொல்கிறார்: கல்யாணத்துக்கு முன்பு லாரியில் கிளீனராகப் போய்வந்த நாட்களில், அந்த மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டே காலையில் அந்த ரயில் புகைவிட்டுப் போவதைப் பார்ப்பாராம். ஒரு நாளும் ஏறியதில்லையாம். எனக்கு இத்தனை வயதாகியும் இது தெரியாது.

மே மாதத்துக்கு மலை ரயிலில் இடம் இல்லை. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் கிடைத்தது, அப்பாவுக்கும் எனக்கும். முதல் நாள் மாலையே போய் அங்கே தங்கிவிடுவோம்.

உடுப்பு வேலையும் தொடங்கிவிட்டது. திருப்பூர் காதர்பேட்டையில் அடர்நீலத்தில் லைக்ரா கட்பீஸ் வாங்கிவந்தேன். எட்டுப் பேருக்கும் நானே வெட்டி, ஓவர்லாக்கில் ஓட்டி, ஓரத்தைப் பிளாட்லாக்கில் மடித்துக்கொண்டிருக்கிறேன். மாமியாரிடம் முதலில் சொல்லவில்லை, மறுப்பார் என்று நினைத்தேன். இன்று மதியம் கூடத்துக்கு வந்தவர் மேசையில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தார், யாருக்கு என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்றேன். முழுக்கையாக வேண்டும், கழுத்து ஏறியிருக்க வேண்டும், கால் கணுக்கால் வரை வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, அளவெடுக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.