நகரசபையின் மூடிய கூட்டங்கள்: யாரிடம் முறையிடலாம்?

வணக்கம் உறவுகளே. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எங்கள் தெருமுனையில் பிள்ளைகள் பந்தடிக்கும் திடலை விற்பது பற்றி நகரசபை மூன்று முறை கதவை மூடிக்கொண்டு பேசியிருக்கிறது. கூட்டக் குறிப்பில் இருப்பது 'சொத்து விவகாரம்' என்ற இரண்டே சொற்கள்.

2001ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் 239ஆம் பிரிவை வாசித்தேன். நிலம் விற்பது, வழக்கு, ஊழியர் விவகாரம் போன்றவற்றுக்குக் கதவை மூடலாம். சரி. ஆனால் மூடும் முன்பே பேசப்போவது பொதுவாக என்னவென்று தீர்மானத்தில் சொல்ல வேண்டும். உள்ளே வாக்கெடுப்பும் நடைமுறைக்காகவோ ஊழியர்களுக்கு அறிவுறுத்தவோ மட்டும்தான்.

மூடிய கூட்டங்கள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கச் சபை தனக்கென ஒரு விசாரணையாளரை நியமிக்காவிட்டால், மாகாண ஒம்புட்ஸ்மனிடம் (அரசு அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரி) போகலாமாம். எங்கள் சபை நியமித்திருக்கிறதா என்று எழுத்தரிடம் இரண்டு மின்னஞ்சலில் கேட்டேன், பதில் இல்லை. நேரே ஒம்புட்ஸ்மனுக்கே எழுதிவிடலாமா?

அப்புறம், 5 டொலர் கட்டி நகரசபையிடம் தகவல் கேட்கும் விண்ணப்பம். யாராவது போட்டிருக்கிறீர்களா? கேள்வியை எப்படி எழுதினால் கறுப்பு மை பூசி மறைக்காத தாள்கள் கொஞ்சமாவது கைக்கு வரும்? பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கேட்டுப் பெற்றது முழுக்கக் கறுப்பு.

2026 ஒக்டோபர் 26 நகரசபைத் தேர்தலுக்கு முன் விடை கிடைத்தால் நல்லது. அனுபவமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.