பெற்றோர் குழுவுக்கு 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்குப் பதிவு), 80ஜி (கொடையாளருக்கு வரிக்கழிவு) வாங்க வேண்டும். பைலா (சங்க விதிமுறை) திரும்பி வந்துவிட்டது. உதவி தேவை

கொழிஞ்சாம்பாறை அம்மா (2025 ஜூன்):

வணக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் எங்கள் ஊர்த் தமிழ்வழிப் பள்ளியில், பெற்றோர் பதினோரு பேர் சேர்ந்து மூன்று வருடமாகக் காலைச் சாப்பாடு போடுகிறோம். விடியுமுன் தோப்பு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் முதல் பீரியடில் வெறும் வயிற்றோடு சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம். மாதம் பதினெட்டாயிரம் ஆகிறது. வருகிற பணம் எல்லாம் என் ஜிபே எண்ணுக்கு, என் சேமிப்புக் கணக்குக்கு. ரவை, எண்ணெய், கேஸ் என்று ஒவ்வொரு பில்லையும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது கோயம்புத்தூரில் இருந்து உதவுகிற இரண்டு பேர் 80ஜி ரசீது கேட்கிறார்கள். ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) பணம் தருவதாகச் சொல்கிறது. ஆலத்தூரில் சங்கம் நடத்தும் தோழியின் பைலாவைப் பார்த்து எழுதி, பதிவுக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் முதல் பக்கத்தில் 1860 என்ற எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, "ஆக்ட் தெற்றாணு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டும் ஒரே மாவட்டம், அவளுக்குச் சரியான சட்டம் எனக்கு எப்படித் தவறாகும்? பைலாவில் கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் இருவர் கோபாலபுரம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறார்கள், அதனாலா? பேசாமல் டிரஸ்ட்டாகவே போட்டுவிடலாமா?

வேலந்தாவளம் ஆதார (பத்திர) எழுத்தர்:

அக்கா, கவுண்டரில் சொன்னது சரிதான். ஆலத்தூர் பழைய மலபார் மாவட்டம். அங்கே 1860ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டம். நம் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பிறகுதான் பாலக்காட்டோடு சேர்ந்தது. அதனால் நமக்குத் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், தர்ம சங்கங்கள் பதிவுச் சட்டம், 1955. முதல் பக்கத்தை மட்டும் மாற்றாதீர்கள், உள்ளே 1860 என்று வருகிற இடம் எல்லாவற்றையும் பாருங்கள். என்னிடம் வருகிற பைலாக்களில் கடைசிப் பக்கத்தில் ஒன்று தப்பித்து நிற்கும்.

பொள்ளாச்சிக்காரர்கள் உறுப்பினராக இருக்கலாம், தடையில்லை. சங்கத்தின் முகவரி மட்டும் இங்கே இருக்கட்டும். முகவரி அந்தப் பக்கம் போனால் தமிழ்நாட்டின் 1975ஆம் வருடச் சட்டம் வந்துவிடும்.

டிரஸ்ட் என்றால் ஆதாரம் எழுதிச் சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிந்தால் முடிந்தது, வேலை குறைவுதான். ஆனால் பதினோரு பேர் முறை வைத்துச் சமைக்கிற குழு நீங்கள். பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் அம்மாவும் மாறுவார். ஆண்டுக்கூட்டமும் தேர்தலும் உள்ள சங்கம்தான் உங்களுக்குப் பொருந்தும்.

பொள்ளாச்சி கணக்கர்:

அம்மா, பதிவுக்கு முன்னாலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று. உங்கள் பைலாவில் நோக்கம் என்று என்ன எழுதியிருக்கிறீர்கள்? அந்தப் பத்தியை அப்படியே போடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

"உறுப்பினர்களின் குழந்தைகளுடைய கல்வி, உணவு, நலன் ஆகியவற்றுக்காகப் பாடுபடுதல்." தோழியின் பைலாவில் இருந்ததுதான் சார்.

பொள்ளாச்சி கணக்கர்:

இதோடு போனால் வரிவிலக்கு நிற்காது. உறுப்பினர் தங்களுக்குள்ளே உதவிக்கொள்வது தர்மக் காரியம் ஆகாது. பயன் பொதுமக்களுக்குப் போக வேண்டும். ஒரு சாதி, ஒரு மதத்துக்கு மட்டும் என்று எழுதினாலும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் விலக்கு போய்விடும். உங்கள் குழு நடப்பில் எல்லாப் பிள்ளைக்கும்தானே சோறு போடுகிறது? அதையே எழுதுங்கள்: "பகுதியில் படிக்கும் எந்த மாணவரும், சாதி, மத, மொழி வேறுபாடின்றி." அப்புறம், லாபம் யாருக்கும் பங்கிடப்படாது என்று ஒரு விதி. சங்கம் கலைந்தால் மீதிச் சொத்து இதே நோக்கமுள்ள, 12ஏபி (நீங்கள் கேட்கிற 12ஏ பதிவு தரப்படும் பிரிவு) பதிவு பெற்ற வேறு அமைப்புக்குப் போகும் என்று ஒரு விதி. இந்த மூன்றும் இல்லாமல் பதிந்துவிட்டால் பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

பதிவுச் சான்று வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் வாங்கி, வங்கிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் பானின் நான்காவது எழுத்து "பி", அதாவது தனிநபர். இன்று வருகிற பணம் வருமான வரித்துறைக்கு உங்கள் சொந்த வரவாகத்தான் தெரியும். அடுத்து வருமான வரித் தளத்தில் படிவம் 10ஏ (2025இல் உள்ள படிவ எண்கள் இவை). 12ஏபிக்கு ஒன்று, 80ஜிக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. 10ஏசி என்ற ஆணை மூன்று வருடத் தற்காலிகப் பதிவாக வரும்.

பலர் விழுகிற இடம் இதுதான். முழுப் பதிவுக்குப் படிவம் 10ஏபி போட வேண்டிய கெடு, தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் முன், அல்லது செயல்பாடு தொடங்கி ஆறு மாதத்துக்குள். எது முந்துகிறதோ அது. நீங்கள் முதல் நாளே உப்புமா கிண்டுவீர்கள், ஆகவே மூன்று வருடம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 10ஏபியைக் கொச்சியில் உள்ள விலக்குப் பிரிவு ஆணையர் பார்ப்பார். உங்கள் பில் நோட்டு அப்போதுதான் கை கொடுக்கும். ஆண்டு வருமானம் 5 கோடிக்குள் இருப்பதால் 12ஏபி முழுப் பதிவு 10 வருடத்துக்குக் கிடைக்கும். 2025 ஏப்ரலில் வந்த மாற்றம்.

80ஜி கிடைத்த பிறகு ரசீது மட்டும் கொடுத்தால் போதாது. ஒவ்வொரு வருடமும் மே 31க்குள் படிவம் 10பிடி என்ற கொடை அறிக்கை போட வேண்டும், கொடையாளரின் பான் எண்ணோடு. தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கு வரிக்கழிவு இல்லை. கொடுப்பவர் புதிய வரிமுறையில் இருந்தாலும் கழிவு இல்லை. அந்தக் கோவைக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வேண்டாம்.

சிஎஸ்ஆர் உடனே நடக்காது. 12ஏ, 80ஜியோடு மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள்.

முதலமடை வாசகர்:

ஒரு சந்தேகம் சார். துபாயில் இருக்கிற என் மச்சானும் இந்தப் பள்ளியில்தான் படித்தான், பணம் அனுப்ப ஆசைப்படுகிறான். வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு) வேண்டாமா?

பொள்ளாச்சி கணக்கர்:

அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர், ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான்; எஃப்சிஆர்ஏ இல்லாமல் தொடக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

நன்றி சார், நன்றி தம்பி. நேற்று ராத்திரியே நோக்கப் பத்தியை மாற்றி எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "எந்த மாணவரும்" என்ற இடத்தில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கடைசியாக ஒன்று: என் கணக்கில் இப்போது பதினான்காயிரத்துச் சொச்சம் மீதி இருக்கிறது. அதை எப்படிச் சங்கத்துக்கு மாற்றுவது?

பொள்ளாச்சி கணக்கர்:

முதல் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்: இன்ன தேதி வரை குழுவுக்காக வசூலான மீதி இவ்வளவு, நோட்டு சரிபார்க்கப்பட்டது, சங்கக் கணக்கில் ஏற்கப்படுகிறது என்று. ரொக்கமாக எடுக்காமல் வங்கி வழியாகவே மாற்றுங்கள். அன்றைக்கே ஜிபே எண்ணையும் எல்லோரிடமும் மாற்றிச் சொல்லிவிடுங்கள்.